குழந்தையோடு ஏறத் தகுந்த கப்பல் எது?

“குழந்தைகளுக்கு இலவசம்! குடும்பத்தோடு கடலில் ஏழு நாள்!” கொட்டை எழுத்தில் இப்படி விளம்பரம் வருகிறது. படத்தில் ஒரு வெள்ளைக் கப்பல். மேல்தளத்தில் நீச்சல் குளம். குளத்தில் சிரிக்கிற குழந்தை. ஓரத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கிற தாய் தகப்பன். அந்தக் குழந்தையின் பக்கத்தில் காவலுக்கு நிற்பது யார், அவர் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்பது மட்டும் படத்தில் இல்லை.

“நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஸ்பின்னிங்கில் நிற்கிறவனும் நாற்று நடுகிறவளும் உல்லாசக் கப்பலுக்கா போகப் போகிறார்கள்?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டிலியா கம்பெனியின் கப்பல் புறப்பட்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளை, ஊரிலிருக்கும் அப்பா அம்மாவையும் பேரன் பேத்தியையும் ஒரு தடவையாவது கப்பலில் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுகிறான். ஆசைப்படுவது குற்றமா? கடலும் காற்றும் ஓய்வும் முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி வைக்கப்பட்டவையல்ல. இன்னொரு சம்பந்தமும் உண்டு. அதே கப்பல்களில் தட்டுக் கழுவவும் அறை பெருக்கவும் சமைக்கவும் நம் வீட்டுப் பையன்கள் போகிறார்கள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலேறுவதும் நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கூலி ஜனங்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-கள் வரை போய் வந்தது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. இன்று காசு கொடுத்து ஏறுகிறவனுக்கு அந்த உரிமை இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இங்கே பேச்சு.

மிதக்கிற ஊர்

உல்லாசக் கப்பல் என்றால் ஓர் ஊரில் ஆளை ஏற்றி மறு ஊரில் இறக்குகிற கப்பல் அல்ல. மூன்று நாளிலோ ஏழு நாளிலோ புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும். சுருக்கமாகச் சொன்னால் மிதக்கிற ஹோட்டல். ஹோட்டல் என்றுகூடச் சொல்ல முடியாது, ஊர். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ஓட ஆரம்பித்த ராயல் கரீபியன் கம்பெனியின் ‘ஐக்கான் ஆப் தி சீஸ்’ கப்பலில் 20 தளங்கள். நிறைந்தால் 7,600 பிரயாணிகள் ஏறலாம். சிப்பந்திகள் 2,350 பேர். ஆறு சறுக்கு நீர்க்குழாய்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி, எல்லாம் உண்டு.

கப்பல் பெயர் நூறு இருக்கலாம், முதலாளிகள் சிலரே. கார்னிவல், பிரின்சஸ், கோஸ்டா, ஆயிடா, குனார்டு எல்லாம் ஒரே கார்னிவல் குழுமம். ராயல் கரீபியன், செலிப்ரிட்டி ஒரு குழுமம். நார்வேஜியன் ஒன்று. எம்.எஸ்.சி. ஒன்று. டிஸ்னி ஒன்று. ஒரே மில் முதலாளி ‘ஏ’ மில், ‘பி’ மில் என்று பெயர் வைத்து நடத்துவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது. லாபத்தைக் கேட்டால் தலை சுற்றும். 2024-ல் ராயல் கரீபியன் குழுமத்தின் வருமானம் சுமார் 1,650 கோடி டாலர். அதில் நிகர லாபம் சுமார் 290 கோடி டாலர்.

இனி அந்த “இலவச”த்தைப் பார்ப்போம். ஒரே அறையில் மூன்றாவது ஆளாக, நான்காவது ஆளாகக் குழந்தை இருந்தால்தான் அதற்குக் கட்டணம் இல்லை. முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம். கணவனை இழந்த ஒரு தாய் தன் ஒரே மகனோடு போனால், அந்த மகன் இரண்டாவது ஆள். அவனுக்கு இலவசம் கிடையாது! பள்ளி விடுமுறையும் பண்டிகையும் வருகிற வாரங்கள் பெரும்பாலும் சலுகைக்குப் புறம்பு. பள்ளிக்குப் போகிற குழந்தை வேறு எந்த வாரத்தில் வரும் என்று கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். துறைமுக வரி குழந்தைக்கும் உண்டு. இனாம் என்ற பெயரில் தினமும் பிடிக்கிற தொகையும் குழந்தைக்கும் சேர்த்துத்தான். 2024-ல் ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு அது ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர். நாலு பேர், ஏழு நாள் என்றால் 518 டாலர். “இலவசம்” என்ற சொல்லை முதலாளி உச்சரித்தால் பென்சிலைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குளத்தங்கரையில் ஆள் உண்டா?

சரி, எந்தக் கப்பல் குழந்தைக்குத் தகுந்தது? விளம்பரக்காரன் சறுக்கு மரத்தின் உயரத்தைச் சொல்லுவான். நாம் கேட்க வேண்டியது வேறு.

முதலில் தண்ணீர். குழந்தை முங்குவதற்கு நடுக்கடல் வேண்டாம். மேல்தளக் குளம் போதும். ஆயிரம் பேர் கூச்சலிடுகிற இடத்தில் ஒரு குழந்தை சத்தமில்லாமல் முங்கிவிடும். நீரில் மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. கத்த மூச்சு இராது. கிணற்றையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்த நம் தாய்மார்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அப்படியிருக்க, குளத்தங்கரையில் பயிற்சி பெற்ற காவலாள் நிற்க வேண்டும் என்பது சாதாரண அறிவு. ஆனால் இந்தத் தொழிலில் நெடுங்காலம் அந்த வழக்கமே இல்லை. “காவலாள் இல்லை, உங்கள் பொறுப்பில் குளியுங்கள்” என்று ஒரு பலகையை மாட்டிவிட்டுக் கம்பெனி கை கழுவியது. டிஸ்னி கம்பெனி காவலாள் வைத்தது. ராயல் கரீபியன் 2017-ல்தான் எல்லாக் கப்பல்களுக்கும் வைப்பதாக அறிவித்தது. கார்னிவல் கப்பல்களில் பலகைதான் காவல். ஆயிரக்கணக்கான பேர் ஏறுகிற கப்பலில் குளத்துக்கு நாலு ஆள் கூடப் போட்டால் இந்த முதலாளிகளின் கஜானா காலியாகிவிடாது. ஆள் வைப்பதற்கு முன்னால் ஆகிற செலவையும், ஆள் இல்லாததால் வருகிற வழக்குச் செலவையும் தராசில் போட்டுப் பார்க்கிறார்கள். பஞ்சு மில்லில் இயந்திரத்துக்கு மூடி போடச் சொன்னால் மானேஜர் போடுகிற கணக்கும் இதுதானே!

கைக்குழந்தைக்கு இன்னொரு விஷயம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வருகிற கப்பல்களில், துணிக்கட்டு விடாத குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது என்பது சுகாதார விதி. நல்ல விதிதான், வயிற்றுப்போக்கு ஒரு குளத்திலிருந்து கப்பல் முழுதும் பரவும். அப்படிப்பட்ட சிறு குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் விளையாட்டு இடம் சில கப்பல்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. பணம் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

அடுத்தது வயது. ஆறு மாதம் நிறையாத குழந்தையைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. பல நாள் கரை தொடாமல் போகிற நெடும் பயணத்துக்கு ஒரு வயது நிறைய வேண்டும். ஏன் தெரியுமா? நடுக்கடலில் குழந்தை மருத்துவமனை இல்லை. கப்பலில் டாக்டர் இருப்பார். குழந்தை வைத்தியத்தில் தேர்ந்தவராக இருப்பது அபூர்வம். வைத்தியத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதுவும் கரையைவிட அதிகம். ஆகவே முதல் பயணத்துக்கு மூன்று நாள் கப்பல் போதும். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு பதினான்கு நாள் பயணம் வேண்டாம்.

குழந்தைக் கூடம் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதைப் படித்து, எல்லாக் குழந்தைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டிஸ்னியிலும் ராயல் கரீபியனிலும் கட்டணமில்லாத கூடம் மூன்று வயது நிறைந்து, தானாகக் கழிப்பறை போகப் பழகிய குழந்தைக்குத்தான். அதற்குக் கீழே தனி அறை, மணிக்கு இவ்வளவு என்று காசு. அந்த அறையில் இடமும் கொஞ்சம்தான். கார்னிவல் இரண்டு வயதிலேயே சேர்த்துக்கொள்கிறது; துணிக்கட்டும் மாற்றுகிறார்கள். ஏழைக் குடும்பத்துக்கு இது ஒரு சௌகரியம், மறுப்பதற்கில்லை.

டைட்டானிக் கணக்கு

கடல் விளையாட்டல்ல. 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கைப் பற்றிப் பிரிட்டிஷ் விசாரணைக் கமிஷன் எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் 24 குழந்தைகள். 24 பேரும் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பில் 79 குழந்தைகள். பிழைத்தவர் 27 பேர். மூழ்கியது ஒரே கப்பல், ஒரே இரவு! கீழ்த்தட்டில் இருந்தவர்களுக்குப் படகுத் தளத்துக்கு வருகிற வழி தெரியவில்லை. வழி காட்ட ஆளும் போதவில்லை. எல்லோருக்கும் போதுமான படகும் இல்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் கடல் பாதுகாப்புக்கு உலக ஒப்பந்தம் வந்தது. அது பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் உடம்புக்கேற்ற மிதவைச் சட்டை கப்பலில் இருந்தாக வேண்டும். ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணமென்றால் கைக்குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் குழந்தை அளவுச் சட்டையைக் கேட்டு வாங்கி, போட்டுப் பாருங்கள். பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால் அலையில் கழன்று போகும்.

சட்டம் இருந்தாலும் கம்பெனி சோம்பினால் கதி என்ன என்பதை 2012 ஜனவரி 13-ந் தேதி இத்தாலியில் பார்த்தோம். கோஸ்டா கன்கார்டியா என்ற கப்பல் ஜிலியோ தீவின் கரையோரப் பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் நாலாயிரம் பேருக்கு மேல். 32 பேர் செத்தனர். அதில் ஒன்று ஐந்து வயதுப் பெண் குழந்தை. கேப்டன் பிரயாணிகளை விட்டுவிட்டு முன்பே இறங்கிப் போனார். பின்னால் 16 வருஷத் தண்டனை பெற்றார். அன்று ஏறியவர்களுக்கு ஆபத்துக் கால ஒத்திகை மறுநாள்தான் நடத்துவதாக இருந்தது. மறுநாள் கப்பலே இல்லை. இதற்குப் பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்ற விதி 2015 முதல் அமலுக்கு வந்தது.

2020-க்குப் பிறகு சில கம்பெனிகள் ஒத்திகையையும் சுருக்கிவிட்டன. கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்கு ஒரு நடை போய்த் தலையைக் காட்டினால் போதும். கூட்டம் கூட வேண்டாம் என்று கொள்ளைநோய்க் காலத்தில் வந்த ஏற்பாடு, பிரயாணிகளுக்குப் பிடித்திருக்கிறது என்பதால் நின்றுவிட்டது. நம்மவர்கள் அவசரப்படாமல் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அறையிலிருந்து கூடும் இடம் வரைக்கும் மாடிப்படி வழியாக நடந்து பழக்க வேண்டும். மின்தூக்கி வேண்டாம், ஆபத்தில் அது ஓடாது. குழந்தைக் கூடத்தில் இருக்கும்போது மணி அடித்தால் குழந்தையை யார், எங்கே கொண்டு வருவார்கள் என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

சுத்தத்துக்கும் ஒரு அளவுகோல் உண்டு. அமெரிக்க நோய்த் தடுப்பு இலாகா கப்பல்களைச் சோதித்து 100-க்கு இத்தனை என்று மார்க் போட்டு வெளியிடும். 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. எந்தக் கப்பல் எத்தனை வாங்கியது என்று யாரும் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் அந்தச் சோதனைப் பிரிவின் முழுநேர ஊழியர்களையே அமெரிக்க அரசு வீட்டுக்கு அனுப்பியதாகச் செய்தி வந்தது. சோதனை தொடரும் என்றும் அரசு சொன்னது. சோதிக்கிற ஆளைக் குறைத்துவிட்டுச் சோதனை குறையாது என்கிற வித்தை நம் நாட்டுத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விஷயத்திலும் நடந்ததுதான்.

கொடி யாருடையது?

நடுக்கடலில் கப்பலுக்குள் செல்லுவது கொடி பறக்கிற நாட்டின் சட்டம். கப்பலின் முதலாளி மயாமியில், பிரயாணி அமெரிக்கன், சிப்பந்தி பிலிப்பைன்ஸ்காரன், இந்தோனேசியன், இந்தியன். கொடியோ பஹாமாஸ் அல்லது பனாமா! டிஸ்னி கப்பல்களிலும் பஹாமாஸ் கொடிதான். கார்னிவல் கம்பெனி பனாமாவில் பதிவு. ராயல் கரீபியன் லைபீரியாவில் பதிவு. நார்வேஜியன் பெர்முடாவில் பதிவு. வரி குறைவு, தொழிலாளர் சட்டம் தளர்வு. கொடியை வாடகைக்கு விடுகிற வியாபாரம் இது.

டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கப்பலில் அடிபட்டால் கம்பெனி சொல்கிற ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கோடியிலிருக்கும் வாஷிங்டன் மாநிலத்துப் பெண் ஒருத்தி கார்னிவல் கப்பலில் வழுக்கி விழுந்து அடிபட்டாள். தன் ஊரில் வழக்குப் போட்டாள். அது செல்லாது, கம்பெனி எழுதியபடி கிழக்குக் கோடியிலிருக்கும் புளோரிடாவில்தான் போட வேண்டும் என்று 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், திருப்பூரிலிருந்து போகிறவர் எந்த நீதிமன்றப் படியேறுவார்? ஆகவே அந்தப் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல விஷயம் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள்.

தொட்டில் ஆட்டுகிற கை

இப்போது விளம்பரப் படத்தில் இல்லாத ஆளிடம் வருவோம். குழந்தைக் கூடத்தில் உங்கள் மகளுக்குச் சோறு ஊட்டுகிறவள், இரவில் அறையைத் துடைத்துத் துண்டை யானைபோல் மடித்து வைத்து உங்கள் மகனைச் சிரிக்க வைக்கிறவன், இவர்களுக்கும் குழந்தைகள் உண்டு. அவை கப்பலில் இல்லை. மணிலாவிலோ கோவாவிலோ தூத்துக்குடியிலோ பாட்டியிடம் இருக்கின்றன. ஒப்பந்தம் ஆறு மாதம், எட்டு மாதம், சில வேலைகளுக்கு அதற்கும் மேல். அந்த மாதங்களில் ஞாயிறு என்று ஒன்று கிடையாது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கிற திருத்தம் வந்தபோது, தொழிலாளர் எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அது வாபஸ் என்ற அறிவிப்பு வந்தது. கடலிலோ? 2013-ல் அமலுக்கு வந்த சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம் கொடி நாட்டுக்கு இரண்டு வழி கொடுக்கிறது. வேலை வாரத்துக்கு 72 மணிக்கு மேல் போகக் கூடாது என்று வைக்கலாம். அல்லது ஓய்வு வாரத்துக்கு 77 மணிக்குக் குறையக் கூடாது என்று வைக்கலாம். இரண்டாவது கேட்க இனிமையாக இருக்கிறது. கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி. அதில் 77 போனால் மீதி 91. வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்டப்படி ஓய்வு கொடுத்ததாக ஆகும்! இந்த ஒப்பந்தமே கடல் தொழிலாளிகள் நெடுநாள் போராடிப் பெற்றது. அதற்கு முன்பு இதுவும் இல்லை.

“அது அவர்கள் பாடு, என் குழந்தை பத்திரமாக இருந்தால் சரி” என்று ஒருவர் நினைக்கலாம். இரண்டையும் பிரிக்க முடியாது, தோழரே. இரவு ஷிப்டு முடிந்து மறு ஷிப்டும் பார்த்தவனின் கை ரோலரில் சிக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டாவது மணியில் கண் சொருகாத காவலாள் உலகத்தில் இல்லை. குளத்தங்கரையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்பதோடு, அவர் எத்தனை மணிக்கொரு தடவை மாற்றப்படுகிறார் என்றும் கேட்க வேண்டியது இதனால்தான். சிப்பந்தியின் ஓய்வு உங்கள் குழந்தையின் மிதவைச் சட்டை.

இனாம் விஷயமும் இதைச் சேர்ந்ததே. அறை பெருக்குகிறவர், சோறு பரிமாறுகிறவர் ஆகியோரின் வருமானத்தில் பெரும்பங்கு பல கம்பெனிகளில் இந்த இனாம்தான். கூலி கொடுக்க வேண்டிய முதலாளி, அந்தக் கடமையைப் பிரயாணியின் தலையில் கட்டி, அதற்கு ‘நன்றிப் பணம்’ என்று பெயரும் சூட்டிவிட்டான். சில பிரயாணிகள் “சேவை பிடிக்கவில்லை” என்று எழுதிக் கொடுத்து அந்தத் தொகையை ரத்து செய்துவிடுகிறார்கள். முதலாளி மேல் கோபமென்றால் அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் காட்டக் கூடாது. நம் குடும்பம் எதுவும் அதைச் செய்யாது என்று நம்புகிறோம். செலவுக் கணக்கிலேயே அதைச் சேர்த்துக்கொண்டு, முடியுமானால் போங்கள்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் கொரோனா நோயோடு நிறுத்தி வைக்கப்பட்டது. கப்பலில் 3,711 பேர். பிரயாணிகள் அறைக்குள் அடைபட்டிருக்க, அவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டு போனவர்கள் சிப்பந்திகள். இரண்டு மூன்று பேராக ஒரு சிற்றறையில் படுத்தெழுந்து, நோய்க்கு நடுவே நடமாடினார்கள். 712 பேருக்கு நோய் கண்டது. அந்தச் சிப்பந்திகளில் 132 பேர் இந்தியர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. “எங்களையும் இறக்கிக் காப்பாற்றுங்கள்” என்று அவர்கள் கைப்பேசியில் கெஞ்சியது நாடு முழுதும் கேட்டது. குழந்தைக்குத் தகுந்த கப்பலா என்று பார்க்கும்போது, கஷ்ட காலத்தில் கம்பெனி தன் ஆட்களை எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வது இதை வைத்துத்தான்.

கப்பல் வேலைக்கு மகனை அனுப்ப நினைக்கிற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வேலை வாங்கித் தருவதற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது அந்தச் சர்வதேச ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இந்தியாவும் 2015-ல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. லட்சம் கொடு, இரண்டு லட்சம் கொடு என்று கேட்கிற ஏஜெண்டு, கப்பல்துறை டைரக்டர் ஜெனரலின் லைசென்சு வைத்திருக்கிறானா என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள். நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

ஆகவே எது?

எல்லாம் கேட்டாயிற்று, எதில்தான் ஏறுவது என்றால், நம் அபிப்பிராயம் இது. கைக்குழந்தையும் ஐந்து ஆறு வயதுப் பிள்ளையும் இருக்கிற குடும்பத்துக்கு டிஸ்னி கப்பல் மற்றவற்றைவிடத் தகுந்தது. குளத்துக்குக் காவலாள் உண்டு. ஆறு மாதக் குழந்தையிலிருந்து பார்த்துக்கொள்ள அறை உண்டு. சூதாட்டக் கூடம் இல்லை. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமல்ல. மற்றக் கப்பல்களில் சாப்பாட்டு அறைக்கும் நாடக அறைக்கும் போகிற வழியிலேயே சூதாட்டக் கூடத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் டிஸ்னியின் விலை மிக அதிகம். கொடியும் பஹாமாஸ் கொடிதான். அந்தக் கம்பெனி சிங்கப்பூரைத் தளமாக வைத்து ஓட்டுவதற்கென்று எடுத்த கப்பலின் புறப்பாடு 2025 டிசம்பரிலிருந்து 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அந்தக் கப்பலை முதலில் கட்ட ஆரம்பித்தது ஜெர்மனியின் விஸ்மார் தொழிலாளர்கள். 2022 ஜனவரியில் அந்தக் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை இழந்து நின்றார்கள். அரைகுறையாய் நின்ற கப்பலை டிஸ்னி அந்த வருஷமே வாங்கிக்கொண்டது. விளம்பரத்தில் அந்தக் கதை வராது.

பத்து வயதுக்கு மேற்பட்ட, நீந்தத் தெரிந்த பிள்ளைகளென்றால் ராயல் கரீபியன் போதும். காசு குறைவு, குழந்தைக்கு இரண்டு வயது என்றால் கார்னிவலை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் குளத்தங்கரையில் தாயோ தகப்பனோ முறை வைத்து நிற்க வேண்டும், நாற்காலியில் சாய்ந்து அல்ல. தொழிலாளி கண்ணோடு பார்த்தால் எல்லாவற்றிலும் மேலானது நார்வேஜியனின் ‘பிரைடு ஆப் அமெரிக்கா’. ஹவாய்த் தீவுகளைச் சுற்றுகிற அந்தக் கப்பலில் அமெரிக்கக் கொடி; சிப்பந்திகளுக்கு அமெரிக்கக் கூலிச் சட்டம்; சூதாட்டக் கூடமும் இல்லை. கட்டணம் கூடுதல். பெரிய சறுக்குக் குழாய் கிடையாது; குழந்தைக் கூடம் உண்டு. இவ்வளவு பெரிய தொழிலில் அமெரிக்கக் கொடியோடு ஓடுகிற பெரிய உல்லாசக் கப்பல் இது ஒன்றுதான் என்பதிலிருந்தே மற்றவை ஏன் கொடி மாற்றுகின்றன என்பது விளங்கும். நம்மூர்க் குடும்பத்துக்கு அது எட்டாத தூரம் என்பது வேறு விஷயம்.

எட்டுகிற தூரத்தில் இருப்பது கார்டிலியாவின் ‘எம்ப்ரஸ்’. 1990-ல் பிரான்சில் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல். பழைய கப்பல் என்பதாலேயே கெட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். நன்றாகப் பராமரித்த பழைய இயந்திரம் புதியதைவிட நன்றாக ஓடும். அதில் சூதாட்டக் கூடம் உண்டு. 2022-ல் புதுச்சேரியில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பி, கப்பல் அங்கே கரை சேர முடியாமல் போனது. போகிறவர்கள் டிக்கெட் ஏஜெண்டிடம் இவற்றைக் கேளுங்கள்: குளத்துக்குக் காவலாள் உண்டா, எத்தனை மணிக்கு ஒருவர் மாறுகிறார்? குழந்தைக் கூடத்தில் எந்த வயது முதல், எத்தனை குழந்தைக்கு ஒரு ஆள்? குழந்தை அளவு மிதவைச் சட்டை அறையில் இருக்குமா, கேட்டு வாங்க வேண்டுமா? ஒத்திகை எப்போது? கொடி எந்த நாட்டுடையது? ஏஜெண்டுக்குப் பதில் தெரியாவிட்டால் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கட்டலாம்.